கேள்வி – பதில்: பாலத்தைக் கீழிருந்து பாருங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல பாலங்களைப் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புடையவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

திருச்சியின் பழைய கொள்ளிடம் பாலம் 1928-இல் கட்டியது. 90 ஆண்டுகள் நின்ற பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்தது. 2016-லேயே அதில் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். சுமையே இல்லாத பாலம் எப்படி விழுந்தது?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

சுமை இல்லாமல் விழுந்ததால்தான் அந்தப் பாலத்தை நான் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஆற்றுப் பாலத்துக்கு மேலே போகும் லாரியை விடத் தூணின் காலடியில் ஓடும் தண்ணீர்தான் பெரிய எதிரி. ஓடி வரும் நீர் தூணில் மோதிக் கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணைச் சுற்றிச் சுழன்று, அங்கிருக்கும் மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. கொள்ளிடம் போன்ற மணல் ஆற்றில் ஒரே வெள்ளத்தில் பல அடி ஆழத்துக்குப் பள்ளம் விழும். வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தில் புது மணல் வந்து நிரம்பிவிடுவதால், தை மாதத்தில் போய்ப் பார்ப்பவருக்கு ஆற்றுப்படுகை பழையபடி சமமாகவே தெரியும். ஆனால் அந்த மணல் தளர்ந்து கிடப்பது. தூணைப் பிடித்து நிறுத்தும் இறுக்கம் அதில் இல்லை. அடுத்த வெள்ளத்தில் முதலில் கிளம்புவதும் அதுவே.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடையின் மேல் இருந்த விரைவுச்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று இப்படித்தான் அடியரிப்பால் சாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் 1989 முதல் 2000 வரை பழுதான 503 பாலங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் வெள்ளத்தாலும் அடியரிப்பாலும் போனவை என்று தெரிந்தது. ஆற்றில் மணல் அள்ளினால் நிலைமை இன்னும் மோசமாகும்: படுகையின் மட்டமே இறங்கிவிடுவதால், வெள்ளம் தோண்டும் பள்ளம் அந்தத் தாழ்ந்த மட்டத்திலிருந்து தொடங்கும்.

கோடையில் எந்தப் பழைய ஆற்றுப் பாலத்துக்கும் அடியில் இறங்கிப் பாருங்கள். தூணின் மேற்பகுதி வெயிலிலும் மழையிலும் கறுத்திருக்கும். அதற்குக் கீழே, இடுப்பளவு உயரத்துக்கு, வெளுத்த கான்கிரீட் ஒரு பட்டைபோலத் தெரியலாம். அந்தப் பட்டை ஒரு காலத்தில் மண்ணுக்குள் இருந்த பகுதி. நான் பணியில் இருந்த காலத்தில், வரைபடத்தையும் அறிக்கையையும் பிரிப்பதற்கு முன் இந்தக் கோட்டைத்தான் தேடுவேன்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் 2024 செப்டம்பரில் திறந்த பாலம் டிசம்பரிலேயே அடித்துச் செல்லப்பட்டது. பழைய பாலம் போனால் புரிகிறது. புதிய பாலம் எப்படிப் போகும்?
– ஒரு வாசகர், செங்கம்

அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையின் மேல் கட்டிய பாலத்தைச் சொல்கிறீர்கள். அது நொடிக்கு ஏறத்தாழ 54,000 கன அடி நீருக்கு வடிவமைக்கப்பட்டது என்றும், ஃபெஞ்சல் புயலின்போது அதைவிடப் பல மடங்கு நீர் வந்தது என்றும் அரசுத் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். மேலே சாத்தனூர் அணை இருக்கும் ஓர் ஆற்றில் 54,000 என்ற அளவு எப்படி முடிவானது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. புயல் பெருமழையைத் தருகிறது. மழை அணையை நிரப்புகிறது. அணை நிரம்பியதும் மதகுகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் மழை அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுகிறார்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று அதற்குப் பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். நூறு ஆண்டு நிற்க வேண்டிய பாலம் தன் ஆயுளில் ஒரு முறையாவது அத்தகைய வெள்ளத்தைச் சந்திப்பதற்கான வாய்ப்பு 63 சதவீதம். அது திறந்த மூன்றாம் மாதத்திலும் வரலாம்.

பொறியாளர்கள் வெள்ளம், நிலநடுக்கம், புயல் எல்லாம் ஒரே நாளில் வருவதாகக் கூட்டித்தான் கணக்குப் போடுகிறார்களா?
– ஒரு கல்லூரி மாணவி, சென்னை

இல்லை. அப்படிக் கூட்டினால் எந்தப் பாலத்தையும் கட்ட முடியாது. எவை ஒன்றாக வரக்கூடும், எவை வராது என்று, சாலை, பாலங்களுக்கான வடிவமைப்பு விதிகளை வெளியிடும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிநூல்கள் வகுத்திருக்கின்றன. நிலநடுக்கத்தோடு பெரும்புயலைச் சேர்ப்பதில்லை. ஆனால் நிலநடுக்கத்தோடு அடியரிப்பைச் சேர்க்க வேண்டும். விரிவான தரவு இல்லாத இடத்தில் உச்ச அரிப்பு ஆழத்தின் 0.9 பங்கு அப்போதே தோண்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காரணம் எளிது. நிலநடுக்கம் சில நொடிகளில் முடிந்துவிடும், வெள்ளம் தோண்டிய பள்ளமோ, தளர்ந்த மணல் நிரம்பினாலும், பலவீனமாக மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

ஆபத்துகள் ஒரே நாளில் சந்திக்க வேண்டியதில்லை. ஒன்று விட்டுப்போன பலவீனத்தின் மேல் மற்றொன்று வந்தால் போதும். படுகைக்கு மேல் 8 மீட்டர் நீண்டு நிற்கும் தூண் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அரிப்பால் 2 மீட்டர் மண் போய்விட்டால் அது 10 மீட்டர்த் தூண் ஆகிறது. பக்கவாட்டு விறைப்பு, அதாவது பக்கவாட்டில் தள்ளினால் வளையாமல் நிற்கும் திறன், உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், கணக்குப்படி பழைய விறைப்பில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். கால் பங்கு உயரம் கூடினால் பாதி விறைப்பு போகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விறைப்பு குறைந்த தூண் மெதுவாக ஆடும். மெதுவாக ஆடுகிற தூணுக்கு நிலநடுக்க விசை சில வேளைகளில் குறைந்தே வரும். உடனே அரிப்பு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விசை குறைந்தாலும் ஆட்டத்தின் வீச்சு கூடுகிறது. பேரிங்கின் (தூணுக்கும் தளத்துக்கும் இடையே இருக்கும் தாங்கி) மேல் உட்கார்ந்திருக்கும் கர்டர் (தளத்தைத் தாங்கும் நீண்ட விட்டம்) நுனி, உட்கார இடம் போதாமல் நழுவி விழுவது அந்த வீச்சினால்தான். அதனால்தான் இன்று ஆராய்கிறவர்கள், நிலம் இவ்வளவு அதிர்ந்தால் பாலம் சேதமடைய நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்பதை ஒரே வளைகோடாக வரையாமல், அரிப்பு ஆழம் 1 மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று தனித்தனியே வரைகிறார்கள். தூணின் கம்பிகள் துருப்பிடித்திருந்தால் அந்தக் கோடுகள் மறுபடியும் மாறும்.

சுனாமியில் மேலமணக்குடி பாலத்தின் தளம் பெயர்ந்து போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அவ்வளவு கனமான கான்கிரீட்டை நீர் எப்படித் தூக்கியது?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

நீரில் மூழ்கிய கான்கிரீட் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடுகிறது. கர்டர்களுக்கு இடையே காற்றும் அடைபட்டால் மிதப்பு இன்னும் கூடும். தளம் பேரிங்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தால், அதன் பிறகு பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும். வாகனச் சுமை எப்போதும் கீழ்நோக்கியே அழுத்துவதால் தளத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கடலோரப் பாலங்களில் பக்கவாட்டுத் தடுப்புகளும், தளத்தைத் தூணோடு பிணைக்கும் கம்பிகளும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் லாரிகளைத் தடுத்தால் பாலங்கள் பிழைக்காதா?
– ஒரு வாசகர், நாமக்கல்

ஓரளவு பிழைக்கும். சட்டப்படி ஏற்றக்கூடிய அச்சுச் சுமையே (லாரியின் ஓர் அச்சு தாங்கும் எடை) 2018-இல் உயர்த்தப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய பாலங்கள் அதற்கு முந்தைய கணக்கில் கட்டியவை. ஆனால் லாரியைத் தடுத்தால் மட்டும் போதாது. குஜராத்தில் மஹி ஆற்றின் மேல் 1985-இல் திறந்த கம்பீரா பாலம் 2025 ஜூலை 9 அன்று உடைந்ததற்கு, தளத்தைத் தாங்கிய பீடமும் இணைப்பும் நொறுங்கியதே காரணம் என்று முதற்கட்ட ஆய்வு சொன்னது. பேரிங்கும் பீடமும் சாலையில் போகிறவர் கண்ணில் படாத இடங்கள்.

எங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி யாரிடமாவது முறையிட வேண்டுமானால் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்?
– ஒரு ஆசிரியை, குளித்தலை

நடுங்குகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாப் பாலமும் சற்று நடுங்கும். கைப்பிடிச் சுவரை ஒரு முனையில் நின்று நேர்கோட்டில் பாருங்கள்: எங்காவது தொய்வோ வளைவோ இருந்தால், எத்தனையாவது தூணுக்கு அருகில் என்று எண்ணிக் குறியுங்கள். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டின் (வெயிலில் தளம் விரிவதற்காக விட்ட இணைப்பு) இடைவெளி ஒரு பக்கம் விரிந்தும் மறுபக்கம் ஒட்டியும் இருக்கிறதா, அதில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் தூணின் வழியே வழிகிறதா என்று பாருங்கள். கோடையில் அடியில் இறங்கி, நான் சொன்ன வெளுத்த பட்டையை அளவுகோலோடு படம் எடுத்து, தேதியும் தூணின் எண்ணும் எழுதி, நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே தூணை மறுபடியும் படம் எடுங்கள். பட்டை அகன்றிருந்தால் இரண்டு படங்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.