காசநோய்த் தடுப்பு மாத்திரை: வாசகர் கேள்வி-பதில்

கே: இருமலே இல்லாத எனக்கு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் காசநோய்த் தடுப்பு மாத்திரையான ஐசோநியாசிட் கொடுக்கிறார்களே? (ஓசூர்)

இருமல் இல்லாததால்தான். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் காசநோய்ப் பரிசோதனை. நோய் இல்லை என்று உறுதியான பிறகே தடுப்பு மாத்திரை.

கே: மாத்திரையைக் களிக்கு முன்பு போடுவதா, பின்பா? (பென்னாகரம்)

ஒரு மணி நேரம் முன்பு. வயிற்றைப் புரட்டினால் களிக்குப் பிறகு போடுங்கள். போடாமல் விடுவதுதான் தப்பு.

கே: மாத்திரை போட்டதிலிருந்து பாதம் எரிகிறது. நிறுத்தலாமா? (ஊத்தங்கரை)

எந்த மாத்திரை, எத்தனை நாளாக, குடிப்பழக்கம் உண்டா, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? ஐசோநியாசிட் என்றால் கூடவே வைட்டமின் பி6 மாத்திரையும் தந்திருப்பார்கள், அதைப் போடுகிறீர்களா? எரிச்சலுக்காக நீங்களே நிறுத்த வேண்டாம், மையத்தில் சொல்லுங்கள். வாந்தி, கண் மஞ்சள் என்றால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு ஓடுங்கள். குடியை விடுங்கள்.

கே: மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிடும் என்று எங்கள் மருத்துவர் தடுப்பு மருந்தே எழுதுவதில்லை. செவிலியர் நான் என்ன செய்ய? (பாலக்கோடு)

இந்தப் புராணத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உள்ளே நோய் முற்றியிருப்பவருக்கு ஒற்றை மருந்தைக் கொடுத்தால்தான் எதிர்ப்பு வரும். அதற்காகத்தான் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உண்டா என்ற அந்த நான்கு கேள்விகள். நோயாக மாறாமல் உடலில் உறங்கும் கிருமி எண்ணிக்கையில் கொஞ்சம்; தடுப்பு மருந்தால் எதிர்ப்பு கூடியதாக ஆய்வுகளில் தெளிவான சான்று இல்லை. காசநோய்க் கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் தோல் ஊசிச் சோதனை இல்லாமலே கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது.

'ஏ.ஆர்.டி. போதுமே' என்பது அடுத்த சாக்கு. ஐவரி கோஸ்ட்டில் சுமார் 2,000 பேரிடம் நடந்த டெம்ப்ரானோ ஆய்வில், 6 மாத ஐசோநியாசிட் சாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. சீக்கிரமே ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான். கல்லீரல் பயம் நியாயம்; அதற்கு வாந்தி, கண் மஞ்சள் உண்டா என்று மாதாமாதம் கேட்டுப் பார்ப்பதுதான் வழி, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. பல இடங்களில் உண்மையான காரணம் இன்னொரு பதிவேடு, இன்னும் பத்து நிமிடம். அதை 'எதிர்ப்பு' என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே குறித்து அவர் மேஜையில் வையுங்கள். பாதி மருத்துவர்கள் மருந்தை எழுதிவிடுவார்கள்.

கே: எச்.ஐ.வி.க்கு டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறேன். வாரம் ஒருமுறை, 12 வாரம் போடும் காசநோய்த் தடுப்பு மருந்து (ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும்) அதோடு சேருமா? (காவேரிப்பட்டணம்)

சேரும். அட்டசனாவிர், லோபினாவிர் என்றால் கூடாது. கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்கள் வேறு வழி பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பதற வேண்டாம். கண் மஞ்சளானால் பதறுங்கள்.

கே: ஆறு மாத ஐசோநியாசிடில் நான்கு மாதம் முடிந்தது, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். என்ன செய்ய? (பர்கூர்)

கிளம்பும் முன் மையத்தில் சொல்லி, மீதி மாத்திரையும் சிகிச்சைப் புத்தகமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். அங்கேயும் குடி வேண்டாம்.