மேலதிகாரிக்கு ‘ஓகே’ என்று எழுதலாமா?

கேள்வி: மேலதிகாரியின் மின்னஞ்சலுக்கு ‘ஓகே’ என்று பதில் அனுப்பினேன். அது ‘ஜீரோ கில்டு’, அதாவது ‘இன்று சாவு இல்லை’ என்ற போர்க்களக் குறிப்பிலிருந்து வந்த கொச்சைச் சொல், படித்தவர்கள் எழுதக் கூடாது என்கிறார் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு ஆசிரியர். மேலதிகாரியை அவமதித்துவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. ‘நாளைக்குள் அனுப்புங்கள்’ என்று அவர் எழுதி, நீங்கள் ‘ஓகே’ என்றால், ‘சரி, அனுப்புகிறேன்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

போர்க்களக் கதையை நம்பாதீர்கள். அந்தக் கதை சுட்டும் அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. ‘ஓகே’ அதற்கு முன்பே, 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில் அச்சாகிவிட்டது. சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் போடுவது அப்போது பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. ‘ஆல் கரெக்ட்’ (all correct) என்பதை ‘ஓல் கொரெக்ட்’ (oll korrect) ஆக்கி, ஓ.கே. என்று சுருக்கினார்கள். ‘ஆல் ரைட்’டை (all right) ‘oll wright’ ஆக்கி ‘ஓ.டபிள்யூ.’ என்றும் எழுதிப் பார்த்தார்கள், அது வழக்கொழிந்தது. ‘ஓகே’யைக் காப்பாற்றியது 1840 அமெரிக்க அதிபர் தேர்தல். கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த அப்போதைய அதிபர் மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று கொண்டாடிய ஆதரவாளர்கள் ஓ.கே. என்ற பெயரில் மன்றம் வைத்தார்கள். அவர் தோற்றார், சொல் நிலைத்தது. பழைய நாளிதழ்களைத் துருவி இதை 1960களில் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர்.

முதலெழுத்துகளை வைத்துச் சொல்பிறப்பு சொல்பவர்களிடம் எப்போதும் எச்சரிக்கையாக இருங்கள். போலீஸ்காரரைக் குறிக்கும் ‘காப்’ என்பது ‘கான்ஸ்டபிள் ஆன் பேட்ரோல்’ என்பதன் சுருக்கம் என்பதும் கட்டுக்கதைதான். பிடிப்பதைக் குறிக்கும் பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. ‘எழுதக் கூடாத நூறு சொற்கள்’ என்று பட்டியல் போட்டுக் காசு பார்ப்பவர்களுக்கு உங்கள் பயம்தான் முதலீடு. பாடத்திட்டத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சொல்லுக்குப் பொருள் கேட்டு மதிப்பெண் போடுகிறார்களே தவிர, அதை யாரிடம், எந்த நேரத்தில் சொல்வது என்று எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுப்பதில்லை. அந்த ஓட்டையில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ‘செய்கிறேன்’ என்று சம்மதிக்கும்போது ‘ஓகே’ நல்ல சொல். ஒன்றை மதிப்பிடும்போது அதன் மதிப்பு இறங்கிவிடும். ‘என் அறிக்கை எப்படி?’ என்று அவர் கேட்டு, நீங்கள் ‘இட் வாஸ் ஓகே’ என்றால், ‘சுமார்தான், பரவாயில்லை’ என்று பொருள். பாராட்டியதாக நீங்கள் நினைப்பீர்கள், அவர் முகம் வாடும். விருந்துக்கு அழைத்தவரிடம் சாப்பாட்டை ‘ஓகே’ என்றாலும் அதே கதிதான். ஆகவே பாராட்ட வேண்டிய இடத்தில் ‘குட்’ என்றோ ‘வெரி குட்’ என்றோ தாராளமாகச் சொல்லுங்கள்.

வேலை விண்ணப்பத்தில் ‘ஓகே’ வேண்டாம். ஒற்றை ‘கே’ மட்டும் அனுப்பும் வழக்கத்தை நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; மேலதிகாரிக்கு அது வெடுக்கென்று படலாம். ‘ஓகே, நாளை மதியத்துக்குள் அனுப்புகிறேன்’ என்று எழுதினால் போதும்.