பீரியட் டிராக்கர் ஆப்பை மொபைலில் இருந்து நீக்கினால் அதில் போட்ட தகவலும் அழிந்துவிடுமா?

கணக்கு தொடங்கிப் பயன்படுத்தியிருந்தால் அழியாது. மொபைலை விட்டுப் போவது ஆப் மட்டும்தான். கணக்கு தொடங்கிப் பதிந்த தேதி, வலி, மாத்திரை எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். புது மொபைலில் லாகின் செய்ததும் பழைய தேதிகள் வந்து நிற்பது அதனால்தான்.

பலரும் பயப்படுவது ஹேக்கருக்கு. ஆனால் ஆப்புக்குள்ளேயே வைத்திருக்கும் விளம்பர, புள்ளிவிவர எஸ்டிகே (வேறு நிறுவனங்கள் தரும் நிரல் தொகுப்பு) வழியாகத் தகவல் போவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எந்தப் பட்டனை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று கணக்கெடுக்க டெவலப்பர் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஈவன்ட்' பெயர் வைப்பார். ஃப்ளோ என்ற பீரியட் டிராக்கர் ஆப்பில் கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஈவன்ட்டின் பெயர் 'ஆர்_பிரெக்னன்சி_வீக்_சோசன்', அதாவது 'கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது'. இப்படிப்பட்ட ஈவன்ட்கள் ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் போயின. பெயரைப் படித்தாலே விஷயம் தெரிந்துவிடும். கூடவே விளம்பரத்துக்காக மொபைலுக்குக் கொடுக்கப்படும் அடையாள எண்ணான விளம்பர ஐடியும் சேர்ந்தால் ஆளைப் பொருத்திப் பார்ப்பது சுலபம். 2019-இல் இது செய்தியானது, 2021-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து ஃப்ளோவுடன் சமரசம் செய்துகொண்டது. 'எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டது' என்ற வாசகம் இங்கே உதவாது. நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் அது காக்கும்; ஆப்பே கூப்பிட்டுக் கொடுத்தால் என்ன செய்யும்? பிளே ஸ்டோரில் இருக்கும் 'டேட்டா சேஃப்டி' பகுதியும் டெவலப்பர் தானே எழுதிக்கொடுப்பதுதான். அதில் 'பகிர்கிறோம்' என்று இருந்தால் நம்பலாம், 'பகிர்வதில்லை' என்று இருந்தால் பாதி நம்பலாம்.

நீக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உங்கள் தகவலை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அடுத்து ஆப்புக்குள்ளேயே 'டெலிட் அக்கவுண்ட்' கொடுங்கள். லாக் அவுட் போதாது. கணக்கு தொடங்கும் வசதி இருந்தால் நீக்கும் வசதியும் ஆப்புக்குள் இருக்க வேண்டும் என்பது 2022 முதல் ஆப்பிளின் விதி, கூகுளும் பின்னால் கொண்டுவந்துவிட்டது. உறுதி மின்னஞ்சல் வந்த பிறகுதான் ஆப்பைத் தூக்க வேண்டும். முதலிலேயே தூக்கிவிட்டு, பாஸ்வேர்டும் மறந்துபோய், நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய.

ஐபோனில் இன்னொரு மிச்சம் உண்டு. அந்த ஆப், ஐபோனிலேயே இருக்கும் 'ஹெல்த்' ஆப்பில் எழுதியது ஆப் போன பிறகும் அங்கேயே இருக்கும். ஹெல்த்தில் உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆப்ஸ்' பகுதியில் அதன் பெயரைத் திறந்து, அது எழுதிய தகவலைத் தனியாக அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில், ஆப்கள் உடல்நலத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் இடமான ஹெல்த் கனெக்ட்டைத் திறந்து அந்த ஆப்பின் அனுமதியை எடுத்துவிடுங்கள். விளம்பர ஐடியையும் செட்டிங்ஸில் கூகுள், ஆட்ஸ் என்று போய் அழித்துவிடலாம்.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மறந்துவிடாதீர்கள். ஆப்பிள் ஹெல்த் தருவது பாஸ்வேர்ட் இல்லாத ஜிப் (zip) கோப்பு. டவுன்லோட்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ கிடந்தால் யாரும் திறக்கலாம்.

இனி புதிதாக ஒன்று வேண்டுமென்றால் 'டிரிப்' மாதிரி கணக்கே கேட்காமல், மொபைலிலேயே சேமிக்கும் ஆப் நல்லது. மொபைல் தொலைந்தால் தகவலும் தொலையும், அதனால் மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பத்திரமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.