புதிதாக வாங்கிய கெளுத்தி மீன் தொட்டியில் ஒளிந்தே கிடக்கிறதே, ஏன்?

பயப்படாதீர்கள். பெரும்பாலான கெளுத்திகள் இரவில் நடமாடுபவை. புது இடத்தில் சில நாள் பதுங்கத்தான் செய்யும். விளக்கை அணைத்துவிட்டு, நுழைந்துகொள்ள ஒரு மரக்கட்டையோ கவிழ்த்த மண்சட்டியோ வையுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம். பிறகு, அடியில் மூழ்கும் தீனியை இருட்டியபின் போடுங்கள். மிதக்கும் தீனியை மற்ற மீன்களே காலி செய்துவிடும்.

கூர்மையான கற்கள் மீசையைக் கிழிக்கும், மெல்லிய மணலே நல்லது. கோரிடோரஸ் வகையானால் ஐந்தாறாக வளருங்கள். அது அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஓயாமல் செய்தால் மட்டும் தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவால் சேரும் நச்சு) இருக்கிறதா என்று சோதியுங்கள்.

இன்னொன்று, வலையால் பிடிக்காதீர்கள். துடுப்பு முள் விறைத்துக் கண்ணியில் மாட்டினால் பிரித்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். டப்பாவால் அள்ளுங்கள்.