மகளின் லினக்ஸ் பாடத்துக்குப் புது லேப்டாப் வாங்க வேண்டுமா?

கேள்வி: மகள் திருவாரூரில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். லினக்ஸ் பாடத்துக்காக லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதில் உபுண்டு நிறுவி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் இருப்பது 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். கடையில் கேட்டால், "இது தாங்காது, 16 ஜிபியில் புதுசு எடுங்க. இல்லேன்னா 3,500 ரூபாய் கொடுங்க. விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர், உபுண்டு, கூடவே இன்னொரு விண்டோஸ் எல்லாம் ஏத்தித் தர்றோம்" என்கிறார்கள். சம்பா நெல் போட்ட பணம் இப்போதுதான் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறது. என்ன செய்யலாம்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: இரண்டுமே வேண்டாம். நெல் பணம் கணக்கிலேயே இருக்கட்டும்.

உபுண்டு என்பது லினக்ஸின் ஒரு வகை, விண்டோஸ் போல ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். அது இலவசம். விர்ச்சுவல் மெஷின் என்பது லேப்டாப்புக்குள்ளேயே சாஃப்ட்வேரால் உருவாக்கும் இன்னொரு கணினி. அதை உருவாக்கி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேரும் இலவசம். அதே வேலைக்கு முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோகூட 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம்தான். கடைக்காரர் ஏற்றித் தரும் கூலி கேட்டால் அது நியாயம். சாஃப்ட்வேர் விலை என்று சொல்லிக் கேட்பது நியாயமில்லை. அந்த இன்னொரு விண்டோஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் போடும் விண்டோஸுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். லேப்டாப்போடு வந்தது அதற்குச் செல்லாது. லைசென்ஸைக் குறிப்பிட்டு ஜிஎஸ்டி பில் கேட்டுப் பாருங்கள். தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். பாடத்துக்கு அது தேவையும் இல்லை.

8 ஜிபி தாங்குமா என்றால், தாங்கும். விண்டோஸுக்குப் பாதி, உபுண்டுக்குப் பாதி. வேலை செய்யும்போது பிரவுசரை மூடி வைத்தால் போதும். அப்படியும் இழுத்தால் உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டு போடலாம். கட்டளைகள் எல்லாம் அதேதான். டிஸ்கில் 25 ஜிபி ஒதுக்கச் சொல்லுங்கள். முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியுவின் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்ற இடத்தில் எனேபிள்டு என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் லேப்டாப்பின் அமைப்புப் பக்கம்) போய் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி எஸ்விஎம் என்பதை ஆன் செய்ய வேண்டும். 'இது தாங்காது' என்று பல லேப்டாப்களுக்குப் பெயர் வருவது இந்த ஒரு சுவிட்சால்தான்.

நிறுவுவதை மகளே செய்யட்டும். பாடத்தின் முதல் அத்தியாயமே அதுதான், அதைக் கடைக்காரர் படித்து என்ன பயன்? உபுண்டுவை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. தினம் ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் இது இறங்காது, கல்லூரி லேபில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவருவதே வழி. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது; எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ், தானே நிறுவிவிடவா என்று ஒரு டிக் காட்டும். அது வேண்டாம். அப்படி நிறுவினால் 'விபாக்ஸ்யூசர்' என்று அதுவே ஒரு கணக்கைப் போட்டுவிடும். அந்தக் கணக்கில் பெரும்பாலும், நிர்வாகி அனுமதியோடு வேலை செய்ய உதவும் சுடோ கட்டளை ஓடாது, பிள்ளை அங்கேயே மாட்டிக்கொள்ளும். நிறுவும்போது நடுவில் உபுண்டு "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவவா" என்றும் கேட்கும். பயப்பட வேண்டாம். அழிவது விர்ச்சுவல் மெஷினுக்கென்று ஒதுக்கிய அந்த ஒரு கோப்பு மட்டுமே. விண்டோஸும் படங்களும் அப்படியே இருக்கும். விர்ச்சுவல் மெஷின் இல்லாமல் நேரடியாக டூயல் பூட் (விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் லேப்டாப்பில் நிறுவுவது) போடும்போது இதே கேள்விக்கு 'சரி' கொடுத்தால் லேப்டாப்பில் உள்ள மொத்தமும் போய்விடும். அதனால்தான் முதல்முறை லினக்ஸ் பழகும் பிள்ளைகளுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று கல்லூரியில் சொன்னதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

விர்ச்சுவல் மெஷின் ஓடும்போது அதன் ஜன்னலின் அடியில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். வேகம் குறையும், ஆனால் பாடம் நடக்கும்.

அடுத்த ஆண்டு நிஜமாகவே ரேம் போதாமல் போனால், காலி ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்த ரேமா என்று மாடல் எண்ணை வைத்து முதலில் பாருங்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபி ரேம் ஒன்று சேர்த்தாலே போதும். வாரண்டி காலம் முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே போட்டு, பில்லை வாங்கிவிடுங்கள். பில் தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.