விசாவுக்குத் தரும் மொழிபெயர்ப்பில் நோட்டரி முத்திரை கட்டாயமா?

கேள்வி: அம்மாவை இங்கிலாந்துக்கு விசிட்டர் விசாவில் அழைக்கிறேன். பட்டா, கிரயப் பத்திரம் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் நோட்டரி முத்திரை வேண்டுமா? நானே மொழிபெயர்க்கலாமா?

முத்திரை கட்டாயமில்லை. நீங்களே மொழிபெயர்க்கவும் வேண்டாம்.

தங்கச்சியின் பேறுகாலத்துக்கு அம்மாவை அனுப்ப நானும் இதே அலைச்சல் அலைந்தேன். அம்மா பெயரில் ஊரில் கொஞ்சம் நஞ்சை உண்டு. திரும்பி வந்துவிடுவார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி ஆயிற்றே என்று பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு டைப்பிங் கடைக்குப் போனேன். மறுநாளே மூன்று பக்கம் தந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் நோட்டரி முத்திரை, சிவப்பு சீல். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் மொழிபெயர்த்தது யார் என்று எங்குமே இல்லை.

இங்கிலாந்து கேட்பது அதைத்தான். இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று மொழிபெயர்த்தவர் எழுதித் தர வேண்டும். தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதிகாரி கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள் மகனாகவே இருந்தால் என்ன பிரயோசனம்? (இங்கிலாந்துக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர்கள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும், அவருடைய தகுதி விவரமும் சேர வேண்டும்.)

இன்னொரு கோளாறும் இருந்தது. பத்திரம் ஆறு பக்கம், மொழிபெயர்ப்பு மூன்று பக்கம். நிலத்தின் நாலு பக்க எல்லையைச் சொல்லும் நான்குமால் பகுதியையே மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்கள். பின்பக்கத்துச் சார்பதிவாளர் முத்திரை, ஓரத்தில் கையால் எழுதிய குறிப்பு, எதுவும் வரவில்லை. முழு மொழிபெயர்ப்பு என்றால் முத்திரையில் இருக்கும் எழுத்தும் சேர்த்திதான். கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியாரிடம் போனேன். பாளையங்கோட்டையில் வாத்தியார்களுக்கா பஞ்சம்! முற்றுப்புள்ளியே இல்லாமல் ஆறு பக்கம் ஓடும் அந்தப் பத்திர எழுத்தர் தமிழை உடைத்து எழுத அவருக்கு இரண்டு நாள் ஆனது. கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி எழுதி, தன் படிப்பு, முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டார்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் பக்கத்து இசக்கியை ஆங்கிலத்தில் ‘ஐ’ போட்டு எழுதுபவர் உண்டு, ‘ஈ’ போட்டு எழுதுபவரும் உண்டு. பேச்சிக்கு நடுவில் ஒரு ‘டி’ வரும், சில சமயம் வராது. அம்மாவின் பாஸ்போர்ட் நகலை மொழிபெயர்ப்பவர் கையில் முதலிலேயே கொடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் முழுசாக விரித்து எழுதிய அப்பா பெயர் பத்திரத்தில் வெறும் இனிஷியலாக நின்றால், இருப்பதை இருப்பதுபோலவே விடட்டும். திருத்துவது அவர் வேலை இல்லை.

அப்புறம், வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. அமெரிக்கக் குடிவரவு விண்ணப்பத்துக்கு மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்பதோடு, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்றும் மொழிபெயர்த்தவர் சான்று தர வேண்டும். அங்கேயும் நோட்டரி கேட்பதில்லை. கனடாவுக்குத்தான் நோட்டரி வேலை வரும்: மொழிபெயர்த்தவர் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால் சத்தியப் பிரமாணம் செய்து தர வேண்டும், குடும்பத்தார் மொழிபெயர்ப்பு செல்லவே செல்லாது.

மொழிபெயர்ப்பை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தமிழ் மூலத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒரே பி.டி.எஃப் கோப்பாகச் சேர்த்து ஏற்றுங்கள்.

கடைக்குப் போகுமுன் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை பாருங்கள். இப்போது தமிழ்நாட்டில் தருவது தமிழும் ஆங்கிலமுமாக இருக்கிறது. விவரங்கள் ஆங்கிலத்திலும் நிரப்பியிருந்தால் அதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் பக்கக் கணக்குப் போடுவார், எனக்குப் போட்டார்.