முப்பது எழுத்துகள் – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம் என்னை இரண்டாண்டுகளுக்குப் பல்கேரியாவின் தலைநகரான சோஃபியாவுக்கு அனுப்புகிறது. அந்நாட்டில் நீங்கள் சில மாதங்கள் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த மக்கள் எப்படிப்பட்டவர்கள்? அந்நியரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? சைவ உணவு கிடைக்குமா? ரஷ்ய எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் ஒன்றுமே படிக்க வரவில்லை. அறுபத்தைந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டின் மொழியை இரண்டாண்டுகளுக்காகக் கற்பது வீண் வேலை, ஆங்கிலமே போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். புறப்படும் முன் எதை வாசிக்கலாம்?

கே., கோவை

அன்புள்ள கே.,

என் மகள் ப்ளோவ்திவ் நகரில் மருத்துவம் படித்தபோது நான் அவளோடு ஒரு குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தேன். எதிர்வீட்டில் ஒரு முதிய பெண்மணி இருந்தார். பல்கேரிய மொழியில் பாட்டியை 'பாபா' என்பார்கள். என்னைவிடப் பத்து வயதே மூத்தவரானாலும் எல்லோரையும் போல நானும் அவரை அப்படித்தான் அழைத்தேன். அவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். அந்தக் கட்டடத்தின் வாசற்கதவில் ஒட்டிய இரங்கல் தாளைப் படமெடுத்து அவருடைய மகள் எனக்கு அனுப்பியிருந்தார். அந்தத் தாளை நான் யார் துணையும் இல்லாமல் எழுத்தெழுத்தாக வாசித்து முடித்த இரண்டாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உணவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தயிர் அவர்களுக்கும் உயிர். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் ஒன்றுக்கே அவர்கள் நாட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தயிரில் வெள்ளரிக்காயும் பூண்டும் சேர்த்த தாரதோர் என்ற குளிர்ந்த சூப்பு உங்களுக்கு நம் வீட்டுப் பச்சடியை நினைவூட்டும். முகம் கொடுக்க மாட்டார்கள் என்பது வெறும் வம்புப் பேச்சு, அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் 'ரஷ்ய எழுத்து' என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்த எழுத்து ரஷ்யர்களிடமிருந்து பல்கேரியர்களுக்கு வந்ததல்ல. பல்கேரிய மண்ணிலிருந்து ரஷ்யர்களுக்குப் போனது. கிரேக்க நகரமான தெசலோனிக்கியில் பிறந்த சிரில், மெத்தோடியஸ் என்ற சகோதரர்கள் ஸ்லாவிய மொழிக்காக முதலில் உருவாக்கியது வேறொரு எழுத்து. மெத்தோடியஸ் 885-ல் இறந்த பிறகு அவர்கள் பணிசெய்த மத்திய ஐரோப்பிய நாடான மொராவியாவிலிருந்து துரத்தப்பட்ட அவர்களுடைய மாணவர்களுக்கு 886-ல் அடைக்கலம் கொடுத்தவர் பல்கேரிய அரசர் போரிஸ். கிளிமெந்த் என்ற மாணவர் இன்றைய வடக்கு மாசிடோனியாவில் உள்ள ஓஹ்ரித் பகுதியில் 3,500 பேருக்கு எழுத்தறிவித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கிழக்கே ப்ரெஸ்லாவ் நகரத்து அறிஞர்கள் கிரேக்க எழுத்துகளைத் தழுவி, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய வடிவங்களைச் சேர்த்து அமைத்ததுதான் நாம் இன்று சிரில்லிக் என்று அழைக்கும் எழுத்து. இந்த எழுத்து ரஷ்யர்களின் பக்கம் பரவ வழிசெய்தது கீவ் நகரத்து ஆட்சியாளர் கிறிஸ்தவத்தைத் தழுவியது; அது நடந்தது 988-ல்தான். 2007-ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, லத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்கு அடுத்து ஒன்றியத்தின் மூன்றாவது எழுத்தாக இதுவும் சேர்ந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பல்கேரியரிடம் போய் 'உங்கள் ரஷ்ய எழுத்து' என்று சொன்னால் அவர் முகம் சுருங்காமல் வேறென்ன செய்யும்?

அவர்களுடைய தாய்நாடு மண்ணிலா, மொழியிலா, எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1396 முதல் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் அவர்கள் உஸ்மானியத் துருக்கியரின் ஆட்சியில் இருந்தார்கள். தேவாலயமும் கான்ஸ்டாண்டினோபிளின் கிரேக்கத் தலைமைக்குக் கீழ் இருந்தது. படித்தவன் என்றால் கிரேக்கம் பேச வேண்டும் என்ற நிலை. அந்த நிலையில், துறவிமடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையில் வாழ்ந்த பைசி என்ற துறவி 1762-ல் தம் மக்களின் வரலாற்றை எழுதி முடித்தார். பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ளவும் தன் மொழியில் படிக்கவும் பேசவும் ஏன் வெட்கப்படுகிறாய் என்று தம் வாசகனையே 'அறிவிலி' என்று அவர் அதில் திட்டுகிறார். அச்சிட வழியில்லை, கையால் படியெடுத்தே பரவியது. 1765-ல் கொத்தெல் என்ற மலையூரில் ஒரு பாதிரியார் அதைப் படியெடுத்துத் தேவாலயத்தில் வைத்து, இதை எவன் தனதாக்கிக்கொள்கிறானோ, எவன் திருடுகிறானோ அவன் சபிக்கப்படுவான் என்று எழுதிவைத்தார். நம் கல்வெட்டுகளின் கடைசி வரியில் தர்மத்தை அழிப்பவனுக்குக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்று வருமே, அதே குரல்.

பிறகு 1856-ல், தன்னாட்சி கிடைப்பதற்கு 22 ஆண்டுகள் முன்பே, தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள ஸ்விஷ்தோவ் போன்ற ஊர்களில் 'சித்தாலிஷ்தே' என்ற வாசகசாலைகளைத் தொடங்கினார்கள். அரசு இல்லாத மக்கள் ஊர்க்காசைச் சேர்த்து நடத்திய அவற்றில்தான் செய்தித்தாளும் வாசித்தார்கள், முதல் நாடகங்களையும் போட்டார்கள். இன்றும் சிற்றூர்களில்கூட அவை நடக்கின்றன. இதெல்லாம் வீண் வேலை என்று அன்று அவர்களுடைய நண்பர்களும் சொல்லியிருப்பார்கள்.

இதில் அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு இடமிருக்கிறது. தன் பெயரையும் மொழியையும் காப்பாற்ற அவ்வளவு பாடுபட்ட அதே நாட்டில்தான் 1984-85 குளிர்காலத்தில் லட்சக்கணக்கான துருக்கியரின் பெயர்களைக் கட்டாயப்படுத்தி மாற்றினார்கள். பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை விதித்தார்கள். 1989 கோடையில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துருக்கிக்குக் கிளம்பிப் போனார்கள். பாபா புகையிலைக் கிடங்கில் வேலை பார்த்தவர். பக்கத்து இருக்கைத் தோழியைப் புதுப்பெயரில் கூப்பிட வாய் வராமல், அவள் போகும்வரை பெயரே சொல்லாமல் பேசினேன் என்று சொல்லி அழுதார்.

எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அங்கே ஒருவர் இறந்தால் புகைப்படத்தோடு ஒரு தாள் அச்சிட்டுக் கதவிலும் மரத்திலும் மின்கம்பத்திலும் ஒட்டுகிறார்கள். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நினைவு என்று புதுத்தாள் ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம்மூர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி பார்த்து வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பாபாவின் கணவருடைய ஆறாம் மாதத் தாள் கதவில் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'நினைவஞ்சலி' என்று பொருள்படும் சொல். அதன் இரண்டாம் எழுத்து எனக்கு வரவே இல்லை. நான் உதட்டைக் குவித்து 'வு' என்றேன். அவர் மேலும் கீழுமாகத் தலையசைத்தார். அங்கே அதற்கு 'இல்லை' என்று பொருள். 'வா' என்றேன், அதற்கும் அதே தலையசைப்பு. பனியில் கதவருகே நின்றபடி, தன் விரலால் என் உதடுகளைத் தட்டையாக்கி மறுபடி சொல்லச் சொன்னார். அப்போதுதான் புரிந்தது: 'காது', 'பாட்டு' என்று நாம் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் குறைந்து ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி அது. ரஷ்ய மொழியில் அதே எழுத்துக்குத் தனி ஒலியே கிடையாது. பல்கேரியர்களுக்கோ அது முழு உயிரெழுத்து. தங்கள் நாட்டின் பெயரை அவர்கள் சொல்லும்போது முதல் அசையிலேயே அது இருக்கிறது. நாம் 'பல்' என்கிறோம், ஆங்கிலேயர் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். குற்றியலுகரம் உள்ள நம் வாயால் அதை அவர்களைப் போலவே சொல்ல முடியும். நான் சரியாகச் சொன்னதும் பாபா பக்கவாட்டில் தலையாட்டி 'ஆம்' என்றார். நம்மூர்த் தலையாட்டலேதான்.

எதை வாசிக்கலாம் என்ற கேள்விக்கு நான் பட்டியல் தரப்போவதில்லை. முதலில் முப்பது எழுத்துகளைப் படியுங்கள், இரண்டு வாரம் போதும். மே 24 அங்கே எழுத்துக்கான அரசு விடுமுறை; அன்று சோஃபியாவின் தேசிய நூலகத்துக்கு முன்னால் உள்ள சகோதரர்களின் சிலையடிக்குப் போய், அங்கே எழுதியிருப்பதை வாய்விட்டு வாசியுங்கள்.

பாபா தன் கையால் ஒரு தாளில் வரிக்குப் பத்தாக அந்த முப்பது எழுத்துகளையும் எழுதிக் கொடுத்தார். அதன் நகலைத் தனியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாம் வரியில் ஏழாவது எழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'காது' என்று தமிழில் எழுதியிருப்பது நான்.